சகலையின் பெட்டியும் என் டிரம்மும்

(குடியிருப்பு வளாகத்தின் கடை வரிசையில் நேற்று ஏற்பட்ட தீ தொடர்பாக, புகார் கொடுத்தவர் தாமே நிலையத்துக்கு வந்து கொடுத்த கூடுதல் வாக்குமூலம்)

அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் கடை வரிசையில் யாருக்கும் என்னைத் தெரியாது. "டிஸ்ப்ளே" என்று கேட்டால் கை காட்டுவார்கள். எந்த போனைக் கொண்டுவந்து கொடுத்தாலும் டிஸ்ப்ளே போய்விட்டது என்றுதான் நான் சொல்வேன் என்று ஒரு கேலி. அது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்து நான்கு. தொழில், செல்போன் பழுதுபார்ப்பது. வளாகத்தின் மூன்றாவது பிளாக்கில் தரைத்தளத்தில் மனைவியுடன் வசிக்கிறேன். கடை முன்வாசலை ஒட்டிய வரிசையில், தையல் கடைக்கு அடுத்தது.

நேற்று மாலை இதே நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தேன். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், என் கடைப் பூட்டை உடைத்து, உள்ளே தீ வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களின் போன்களை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான் என்று அதில் சொல்லியிருக்கிறேன். அதன் பேரில் அவன் நேற்றிலிருந்து இங்கே வைக்கப்பட்டிருக்கிறான். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன் என்று இன்று காலை நானே வந்து கேட்டுக்கொண்டதால் இது பதிவு செய்யப்படுகிறது. சகலை என்னைவிட இளையவன் என்பதால் "அவன்" என்றுதான் சொல்வேன். "அவர்" என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன்.

சகலை வளாகப் பராமரிப்பு அலுவலகத்தில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்குகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன். சென்ற ஆண்டு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், தீர்ந்துபோன பேட்டரிகளும் பழைய செல்போன்களும் வீட்டுக் குப்பையோடு போகின்றன என்றும், அவற்றைத் தனியாகச் சேர்த்து வைத்தால் மறுசுழற்சி கம்பெனியின் வண்டி மாதம் ஒரு முறை வந்து எடுத்துக்கொள்ளும் என்றும் செயலாளர் அம்மா சொன்னார். யார் பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. வளாகத்தில் செல்போன் கடை என்னுடையது ஒன்றுதான், அவரே என் பக்கம் திரும்பிக் கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னாலிருந்து சகலை, "நான் பாத்துக்கறேம்மா" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு அவன் ஒரு பெட்டி செய்தான். பழைய இரும்புத் தபால்பெட்டி வரிசை ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதைத் துருப்போகச் சுரண்டிப் பச்சை பெயின்ட் அடித்து, ரிமோட் பேட்டரிக்கு ஓர் அறை, கைக்கடிகாரத்தில் போடும் பொத்தான் பேட்டரிக்கு ஓர் அறை, செல்போனுக்கு ஓர் அறை என்று பிரித்தான். பக்கவாட்டில் ஒரு டேப் சுருளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். போடுகிறவர்கள் பேட்டரியின் முனைகளை டேப்பால் மூடிவிட்டுத்தான் போட வேண்டும். தீர்ந்த பேட்டரியிலும் கொஞ்சம் கரன்ட் மிச்சமிருக்கும். முனைகள் உரசினால் சூடாகும். வீங்கிப்போன செல்போன் பேட்டரியைப் பெட்டியில் போடக் கூடாது. அதற்குக் கீழே மணல் நிரப்பிய வாளி வைத்திருந்தான், அதில் புதைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஏதாவது தவறு இருக்கிறதா என்று நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒரு மூலையில் பெயின்ட் வழிந்திருந்தது. வேறு ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பெட்டிக்குப் போகிறவர்கள் என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னிடம் போன் வாங்கியவர்கள், அதே போன் செத்த பிறகு அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் கண் முன்னால் நடந்து போனார்கள். இரண்டாவது பிளாக் டீச்சரை ஒருநாள் நிறுத்திக் கேட்டேன்.

"என்ன டீச்சர், போன் என்ன ஆச்சு?"

"உயிர் போயிடுச்சுங்க. லிஃப்ட் தம்பிகிட்ட குடுக்கப் போறேன்."

"இப்படிக் குடுங்க, நான் ஒரு தடவ பாத்துடறேன்."

"எதுக்குங்க, நீங்க டிஸ்ப்ளே போச்சும்பீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். தையல்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

சில நேரம் சகலை ஆட்களை என்னிடம் அனுப்பி வைத்தான். பழைய போனில் இருக்கும் படங்களை அழித்துவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும் என்பது அவன் வைத்த விதி. அழிக்கத் தெரியாதவர்களிடம், "முன்வாசல்ல எங்க அண்ணன் இருக்காரு, அவர்கிட்ட போங்க, அவருக்குத் தெரியாத போனே கெடையாது" என்று சொல்லி அனுப்புவான். அவர்கள் வந்து அதே வார்த்தைகளை என்னிடம் சொல்வார்கள். நான் அழித்துக் கொடுப்பேன். அவர்கள் திரும்பப் போய் அவனுக்கு நன்றி சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். நான்தான் மூத்த மாப்பிள்ளை. ஃபேனுக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலி என்னுடையது. ஒரு ஞாயிறு நான் போனபோது அதில் சகலை உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். மாமியார், "நீங்க உட்காருங்க சின்ன மாப்பிள்ளை, நேத்தெல்லாம் மூட்டை தூக்கியிருக்கீங்க. நோட்டீஸ் போர்டுல உங்க பேரு இருக்காமே, மாடி வீட்டம்மா சொன்னா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் அதே வேலையில இருக்கறவருதானே, தம்பிக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணக் கூடாதா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது என்று என் மனைவி சொன்னாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒருநாள் எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை. புதுப் பேட்டரி போட்டுவிட்டுப் பழையது எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். "டேப் ஒட்டி அவர் பெட்டியில போட்டுட்டேங்க" என்றாள். கடை வைத்திருக்கும் என் வீட்டுப் பேட்டரி. அன்று நான் அவளிடம் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவளும் கேட்கவில்லை.

மறுநாளே மூடி போட்ட நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கிவந்து கடை முகப்பில், ஷட்டருக்கு உள்பக்கமாக வைத்தேன். "பழைய பேட்டரி, போன் இங்கே போடலாம். டேப் ஒட்ட வேண்டியதில்லை" என்று அட்டையில் எழுதி மாட்டினேன். டேப் ஒட்டுவதுதான் ஜனங்களுக்குத் தொல்லையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். கடை மூடும்போது நானே எடுத்து ஒட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதலில் ஒட்டவும் செய்தேன். வரத்து அதிகமான பிறகு ஒட்டவில்லை. வீங்கின பேட்டரிகளையும் வாங்கி அதிலேயே போட்டேன். மணல் வாளி வைத்தால் அவனைப் பார்த்துச் செய்தது போல் இருக்கும் என்பதால் வைக்கவில்லை. டீச்சரும் என் டிரம்மில்தான் போட ஆரம்பித்தார். எனக்கு இரவில் தூக்கம் வந்தது.

நேற்று கம்பெனி வண்டி வரும் நாள். இரண்டு இடத்துச் சேகரிப்பையும் வண்டி நிறுத்துமிடத்தில் தனித்தனியாகத் தராசில் போட்டு, எது எவ்வளவு எடை என்று கூட்டத்தில் சொல்வதாகச் செயலாளர் அம்மா அறிவித்திருந்தார். காலையில் சகலை என் கடைக்கு வந்தான். கையில் டேப் சுருள்கள் வைத்திருந்தான். அவன் வந்து சண்டை போட்டதாக நேற்றைய புகாரில் இருக்கிறது. சண்டை போட்டது நான்.

அவன் சொன்னது இவ்வளவுதான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வண்டி வர்றதுக்குள்ள ரெண்டு பேருமா உட்கார்ந்து ஒட்டிடலாம். வீங்கினதெல்லாம் உள்ள கெடக்கு, பயமா இருக்குண்ணே."

"போன் தொழில் எனக்கு நீ சொல்லித் தர்றியா? லிஃப்ட் பட்டனத் தொடச்சுக்கிட்டிருந்தவன்தானடா நீ!"

"தெரியாமயா சொல்றேன்? உங்களுக்குத் தெரியும்னுதானே வந்தேன்."

"எடை கொறஞ்சா உனக்கு வயித்தெரிச்சல். அதுக்குத்தான் இந்தக் கரிசனம்."

தையல்காரர் உள்ளேயிருந்தே, "ஏம்ப்பா, குப்பைக்கா இந்த அடிதடி? எங்கிட்ட வெட்டுத்துணி மூட்ட மூட்டயாக் கெடக்கு, எந்த மாப்பிள்ளைக்கு வேணும்?" என்றார். சகலை சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் டேப் சுருள்களைக் கவுன்டர் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு, எடை கூடட்டும் என்று கடையில் கிடந்த பழைய சார்ஜர்கள், உடைந்த போன்களின் போர்டுகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் டிரம்மில் போட்டேன். மூடி மூடவில்லை. முதலில் கையால் அமுக்கினேன். அதன் பிறகு ஸ்டூலில் ஏறி, மூடியின் மேல் முழங்காலை வைத்து, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். உள்ளே, அடியில், காய்ந்த சருகை மிதித்தது போல் ஒரு சத்தம் கேட்டது. மூடி உட்கார்ந்தது. அதன் பிறகு ஒரு வாடை வந்தது. நகப்பூச்சு வாடை மாதிரி லேசாக இனிப்பான வாடை. என் தொழிலில் இருக்கிற யாரும் அந்த வாடையை வேறொன்று என்று நினைக்க மாட்டார்கள். வீங்கின பேட்டரி கிழிந்தால் வருவது அது. உடனே வெளியே தூக்கிப் போக வேண்டும். அந்த நேரத்தில் பின்பக்கம் கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டது. கவுன்டரில் போர்டு துடைக்கிற தின்னர் பாட்டில் ஒன்று இருந்தது. வாடை அதிலிருந்து வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டில் மூடியிருந்தது. ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு, தராசை முதலில் என் கடைக்குக் கொண்டுவரச் சொல்வதற்காக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

வண்டிக்காரர், தராசு கனமானது, சரக்குதான் அங்கே வர வேண்டும் என்றார். மாதா மாதம் இவ்வளவு சரக்கு சேர்த்துக் கொடுக்கிறவர்களை இப்படித்தான் நடத்துவீர்களா என்று நான் கேட்டேன். "உங்களை நான் இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றார். இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது முன்வாசல் பக்கம் சத்தம் கேட்டது. ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கண்டது: ஷட்டர் பாதி தூக்கப்பட்டிருந்தது. பூட்டு உடைந்து தரையில் கிடந்தது, பக்கத்தில் சகலையின் ஸ்பேனர் கிடந்தது. உள்ளே கறுப்புப் புகை. என் டிரம் வாசலுக்கு வெளியே இழுத்துப் போடப்பட்டு உருகிச் சரிந்திருந்தது. அதன் மேல் மணல் கொட்டியிருந்தது. கூரை அட்டையும் கவுன்டரின் ஒரு பக்கமும் எரிந்துகொண்டிருந்தன. சகலை புகைக்குள்ளிருந்து, பழுதுக்கு வந்த போன்கள் வைக்கும் இழுப்பறையை முழுதாக உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். வலது கையில் முழங்கை வரைக்கும் சட்டை எரிந்து தோலோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணே, போனெல்லாம் பத்திரம்" என்றான்.

நான், "திருட்டுப் பயலே, கொளுத்திட்டுத் தூக்கிட்டு ஓடறியா!" என்று கத்தினேன். வளாகமே கூடியிருந்தது. இன்னும் இரண்டு முறை கத்தினேன். அவன் இழுப்பறையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைத்தது. அதன் பிறகு போலீஸ் வந்தது. தையல்காரர், "சத்தம் கேட்டுத் திரும்பினப்போ பூட்டை அவன் உடைச்சதப் பாத்தேன், அதுக்கு முன்னால புகை வந்ததான்னு தெரியாது, என் மெஷின் சுவரப் பாத்து இருக்கு" என்று சொன்னார். அது உண்மை. ஷட்டருக்கு அடியில் புகை வந்தது, அதனால்தான் உடைத்தேன் என்று சகலை சொன்னான். அதைப் பார்த்த சாட்சி வேறு யாரும் இல்லை. காலையில் அவன் சண்டை போட்டான், என் மேல் பொறாமை என்று நான் சொன்னதை அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள்.

இன்று விடிந்ததும் கடையைச் சுத்தம் செய்யப் போனேன். டிரம்மிலிருந்து மணலைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். மேலே கிடந்த பேட்டரிகளில் கரி படிந்திருந்தது, ஆனால் சிலவற்றின் மேல்தாள்கூட எரியவில்லை. நடுவில் கிடந்தவை வெடித்திருந்தன. அடியில் கிடந்தவை ஒன்றோடொன்று உருகி ஒரே கட்டியாக ஆகியிருந்தன. வெளியிலிருந்து யாராவது தீ வைத்திருந்தால் மேலேயிருந்துதான் எரிந்திருக்கும். இது அடியிலிருந்து எரிந்து மேலே வந்திருக்கிறது. நான் முழங்காலை வைத்து அமுக்கியபோது சத்தம் வந்தது அந்த இடத்திலிருந்துதான். இழுப்பறையில் இருந்த போன்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. டீச்சர் பழுதுக்குக் கொடுத்திருந்த புதுப் போனும் இருந்தது. டிஸ்ப்ளேயில் கீறல்கூட இல்லை.

அந்தக் கட்டியைத் தூக்கிப் பெரிய குப்பைத்தொட்டியில் போட்டிருந்தால் இந்த விஷயம் அதோடு முடிந்திருக்கும். போடுவதற்காக இரண்டு கையாலும் தூக்கவும் செய்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்று சொன்னேன், அதையும் எழுதச் சொன்னேன். அவனை விடுவிக்க வேண்டும் என்று தீர்மானித்து நான் கிளம்பவில்லை. உள்ளே இருக்கிறவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

நிலைய வாசலுக்கு வந்தபோது வளாகத்தில் பாதிப் பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். செயலாளர் அம்மா ஒரு வக்கீலோடு வந்திருந்தார். டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டிருந்தார். தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாமியார் மாற்றுச் சட்டையும் தீப்புண்ணுக்குப் போடும் மருந்தும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்து அவர் திட்டவில்லை. பையை இன்னொரு பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். அவள் எப்போது வீட்டை விட்டுக் கிளம்பினாள் என்று எனக்குத் தெரியாது. அவன் மனைவி, என் கொழுந்தியாள், எழுந்து வந்து, "மாமா, நீங்க ராத்திரி ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

எரிந்தது என் கடை. கூரை போன கடை வாசலில் இன்று காலை நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் அவனுக்காக இங்கே வந்திருக்கிறார்கள். நான் உள்ளே இருந்தால் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். கொழுந்தியாள் வருவாள், அவனும் வருவான். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவன் இன்னும் ஒருநாள் உள்ளே இருந்தால் இந்தக் கூட்டம் இரண்டு மடங்காகும் என்பதும் தெரிந்தது. அதனால் உள்ளே வந்து எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். வேறு காரணம் இருந்தால் எனக்கே இன்னும் தெரியவில்லை.

இப்படிச் சொல்வதால் அஜாக்கிரதைக்காகவும் பொய்ப் புகாருக்காகவும் என் மேல் வழக்கு வரலாம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். உருகிய கட்டி கடை வாசலில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். என் சகலை தீ வைக்கவில்லை. திருடவில்லை. டிரம்மில் தீப்பிடித்தது நான் அமுக்கியதால். அவன் வந்திராவிட்டால் தையல் கடையும், அதில் இருந்த தையல்காரரும் என்ன ஆகியிருப்பார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியும், சொல்ல விரும்பவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. ஒன்று கேட்டுக்கொண்டேன். அவனை விட்டுவிடுங்கள், ஆனால் நான் சொல்லித்தான் விட்டீர்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டாம். தெரிந்தால், வெந்த கையோடு நேராக என்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்து, "பரவால்லண்ணே, விடுங்கண்ணே" என்பான். பார்க்கிறவர்கள், எவ்வளவு பெரிய மனசு பார் என்பார்கள். அவனைத்தான் சொல்வார்கள். இதையெல்லாம் வாக்குமூலத்தில் சேர்க்க முடியாது என்று அதிகாரி சொன்னார். நான் சொல்வதை விடாமல் எழுதுவதாகத்தானே உட்கார வைத்தீர்கள் என்றேன். அதன் பிறகு எழுதினார்.

மேலே உள்ளவை நானே என் வாயால் சொன்னவை. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. முழுவதையும் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை, மாற்றவோ சேர்க்கவோ ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டு இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)